படகுத் தண்ணீர் டேங்க்: பிளீச்சிங் பவுடருக்கு முன்னால் பிரஷ்

(காட்சி: கரையேற்றிய விசைப்படகு. மேல் தளத்தில் 500 லிட்டர் கறுப்பு டேங்க்.)

வணக்கம். மூடியைத் திறந்ததும் கையை உள்ளே விட்டுச் சுவரைத் தடவிப் பாருங்கள். விரல் வழுக்குகிறதா? இன்றைக்கு நாம் பேசப்போவது அந்த வழுவழுப்பைப் பற்றித்தான்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். எஞ்சினைப் பிரிக்கிறோம், பெயின்ட் அடிக்கிறோம், வலை சரிபார்க்கிறோம். தண்ணீர் டேங்க் மட்டும் போன டிரிப்பின் மிச்சத் தண்ணீரோடு வெயிலில் கிடக்கும். தடை முடிந்து தங்குகடலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போன மூன்றாம் நாள் இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால் பழி மீன் குழம்பின் மேல் விழும். டேங்கை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

நம் ஆட்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: ஒரு கைப்பிடி பிளீச்சிங் பவுடரை உள்ளே வீசுவது. யாருடைய கைப்பிடி என்று கேட்டால் பதில் இல்லை! அளவைவிடப் பெரிய தப்பு வேறு. அந்த வழுவழுப்பு, கிருமிகள் தங்களைச் சுற்றிக் கட்டிக்கொண்ட ஒரு பிசின் படலம். குளோரின் அதன் மேல்தோலோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். அடியில் இருப்பவை பிழைத்துக்கொள்ளும். அதனால் முதலில் பிரஷ், அப்புறம்தான் பவுடர்.

(காட்சி: அடிக்குழாயைத் திறந்து தண்ணீர் வடிகிறது. கடைசியில் பழுப்பு வண்டல்.)

தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, புது நைலான் பிரஷில் பாத்திரம் கழுவும் சோப்பைத் தொட்டுத் தேயுங்கள். சுவரைவிட மூலைகளும் மூடியின் அடிப்பக்கமும்தான் முக்கியம். கம்பி பிரஷ் வேண்டாம். பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தால் அடுத்த படலம் அங்கேதான் ஒட்டும். நல்ல தண்ணீரில் நுரை போகும்வரை அலசுங்கள்.

தளத்துக்குக் கீழே இரும்பு டேங்க் உள்ள படகு என்றால், கொஞ்சம் நில்லுங்கள். துருப்பிடிக்கும்போது இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மூடிக் கிடந்த டேங்குக்குள் தலையை விட்டவர் அப்படியே மயங்கி விழலாம். அவரைத் தூக்க இறங்குபவரும் விழலாம். மூடியைத் திறந்துபோட்டு ஃபேன் வைத்து நன்றாகக் காற்று ஏற்றாமல் யாரும் இறங்க வேண்டாம். தனியாக இறங்கவே கூடாது. முடிந்தவரை நீளக் கம்பு பிரஷால் வெளியிலிருந்தே தேய்ப்பதுதான் என் கட்சி.

சரி, இனி பவுடர். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேண்டும். புது பிளீச்சிங் பவுடரில் 30 சதவீதத்துக்கு மேல் குளோரின் இருக்கும்; திறந்து வைத்த பாக்கெட்டில் நாளாக ஆகக் குறையும். 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 500 லிட்டருக்கு 100 கிராம். பவுடருக்குப் பதில் ஹைப்போகுளோரைட் என்னும் திரவ பிளீச், 5 சதவீதம் என்றால் அரை லிட்டர்.

(காட்சி: வாளியில் பவுடரைக் கரைக்கிறார்கள். கையுறை, கண்ணாடி.)

பவுடரை நேராக டேங்கில் கொட்டாதீர்கள். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே நிற்கும் தெளிந்த தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். பிறகு டேங்கை விளிம்புவரை நிரப்புங்கள். பாத்ரூம் ஆசிட், வினிகர் எதையும் இதோடு சேர்க்கக் கூடாது, விஷவாயு கிளம்பும். மிச்சப் பவுடரை எஞ்சின் அறையில் வைப்பதும் ஆபத்து. டீசல், எண்ணெய் பட்டால் தீப்பிடிக்கலாம்.

இப்போது ஒவ்வொரு குழாயையும் திறந்து, குளோரின் வாடை வரும்வரை ஓடவிட்டு மூடுங்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறோம். நானும் மறந்தவன்தான். இரண்டு தடவை டேங்கைக் கழுவியும் நாற்றம் போகவில்லை. கடைசியில் டேங்குக்கும் குழாய்க்கும் நடுவிலிருந்த இரண்டடி ஹோஸைக் கழற்றிக் கத்தியால் கீறினேன். உள்ளே கருந்தோல் மாதிரி ஒரு படலம், நகத்தால் சுரண்டினால் சுருளாக வந்தது. அன்றிலிருந்து ஹோஸைக் கழுவுவதில்லை, மாற்றிவிடுகிறேன்.

குறைந்தது 4 மணி நேரம் ஊறட்டும். பிளாஸ்டிக் டேங்கில் இரவு முழுக்க விடலாம். ஸ்டீல் டேங்கில் 4 மணி நேரம் போதும், அதற்கு மேல் விட்டால் குளோரின் உலோகத்தை அரிக்கும். அலுமினிய டேங்க் வைத்திருப்பவர்கள் இந்த முறையையே தவிர்க்க வேண்டும்.

வடிக்கும்போது துறைமுகத் தண்ணீரில் மொத்தமாகத் திறந்துவிடாதீர்கள், மீனுக்கு ஆகாது. கரையில் கட்டாந்தரையில் விடுங்கள். வாடை அடங்கும்வரை குழாய்கள் வழியாகவும் அலசுங்கள்.

கடலுக்குக் கிளம்பும் நாளில் நிரப்பும் தண்ணீருக்கு 500 லிட்டருக்கு 2 கிராம் பவுடர், அதையும் கரைத்துத் தெளியவைத்து ஊற்றி, அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். தண்ணீரில் மிஞ்சிய குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப் கிடைத்தால் பாருங்கள், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். நிரப்பும் ஹோஸின் நுனி படகுத்துறையில் மீன் கழுவிய தண்ணீரில் கிடந்திருக்கும். அதைக் கழுவி, முதல் இரண்டு வாளித் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு டேங்கில் விடுங்கள்.

காற்றுத் துவாரத்தில் கொசுவலைத் துண்டு கட்டுங்கள். அப்புறம் அந்தக் கயிறு கட்டின மக். வலை இழுத்த கையோடு அதை டேங்குக்குள் விட்டு மொள்ளும் பழக்கம் நம் படகுகளில் உண்டு. அடியில் ஒரு குழாய் வைத்துவிட்டு, மூடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைச் சமையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.