அந்தத் தண்ணீர் எப்போது வந்தது?

நேயர்களுக்கு வணக்கம்.

'ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்.' தமிழ் வேதாகமத்தின் இந்த முதல் வரி பலருக்கும் மனப்பாடம். யூதர்களின் வேதமான தோராவுக்கும் இதுதான் முதல் வரி. அடுத்த வரியைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். எங்கும் இருள், தேவ ஆவி ஜலத்தின்மேல் அசைவாடுகிறது. அந்த ஜலம் எப்போது உண்டானது? அதைப் படைத்ததாக அதுவரை ஒரு சொல்கூட இல்லையே!

இப்படிக் கேட்டவர் விஞ்ஞானி அல்லர். பிரான்சில் 1040-இல் பிறந்த ரஷி என்ற ரபி, அதாவது யூத மதகுரு. இன்றும் யூதப் பிள்ளைகள் தோராவைப் படிக்கும்போது அவருடைய உரையையும் கூடவே படிக்கிறார்கள். 'எனக்குப் பொருள் சொல் என்று இந்த வசனமே கேட்கிறது' என்றார் ரஷி. படைப்பில் எது முந்தியது, எது பிந்தியது என்று வரிசை சொல்வது இதன் நோக்கமே இல்லை என்பது அவர் முடிவு. டார்வின் பிறக்க இன்னும் 700 ஆண்டுகளுக்கு மேல் இருந்தது.

அடுத்த நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ், யூத மருத்துவர், தத்துவ ஞானி. உலகத்துக்குத் தொடக்கமே இல்லை என்ற அரிஸ்டாட்டிலின் கருத்தை அவர் ஏற்கவில்லை. ஆனால் மறுத்ததற்கு அவர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். வேதத்தில் வேறுவிதமாக எழுதியிருக்கிறதே என்பதற்காக மறுக்கவில்லை. அரிஸ்டாட்டில் அதை நிரூபிக்கவில்லை என்பதே முதல் காரணம். கடவுளுக்குக் கை உண்டு, கண் உண்டு என்று வரும் வசனங்களுக்கு உருவகமாகப் பொருள் கொண்டோமே, நிரூபணம் கிடைத்தால் படைப்பு வசனங்களுக்கும் அப்படிப் பொருள் கொள்ள வழியுண்டு, விளக்கத்தின் வாசல்கள் அடைபடவில்லை என்று எழுதினார். மதத்தில் ஆழ்ந்த ஒருவர் இவ்வளவு நேர்மையாகப் பேசியிருப்பதை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு மனம் நெகிழ்கிறது.

இன்று சிலர் வேதம் சொல்லும் படைப்பின் ஆறு நாள்களை இழுத்து நீட்டி, பிரபஞ்சத்தின் 1,380 கோடி ஆண்டுகளை அதற்குள் அடக்கப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. செடிகொடிகள் மூன்றாம் நாளில் முளைக்கின்றன. சூரியன் வருவதோ நான்காம் நாளில். நாளை எவ்வளவு நீட்டினாலும் இந்த வரிசை அறிவியலோடு ஒத்துப்போகாது. ரஷி சொன்னபடி வரிசையைத் தேடாமல் படித்தால் இந்தச் சிக்கலே எழாது.

எல்லா யூதர்களும் இதை ஏற்பதில்லை. உலகுக்கு 5,700 சொச்சம் ஆண்டுகள்தான் என்று எழுத்துக்கு எழுத்து நம்பும் ரபிகள் இன்றும் உண்டு. உலகம் மிகப் பழையது என்று எழுதிய ஒரு ரபியின் நூல்களுக்கு 2005-ஐ ஒட்டிச் சிலர் தடையும் விதித்தார்கள். எனக்கு அது வேதனை தந்த செய்தி.

அந்த நேரத்தில் நான் நினைத்துக்கொண்டது டான்சிக் நகரத்து ரபி இஸ்ரயேல் லிப்ஷிட்ஸை. சைபீரியாவின் பனிக்கு அடியில் ஒரு மாபெரும் யானை கிடைத்த செய்தி அவருக்கு எட்டியது. இன்று நாம் மாமத் என்கிறோமே, அது. பூமியின் அடுக்குகளில் வேறு பல விலங்குகளின் எலும்புகளும் அகப்பட்டுக்கொண்டிருந்த காலம். அவர் கலங்கவில்லை, மகிழ்ந்துபோனார். கடவுள் இதற்கு முன்பும் உலகங்களைப் படைத்து அழித்தார் என்று ரபி அபாஹு பழைய வேத விளக்க நூலான மித்ராஷில் சொல்லியிருக்கிறாரே, இதோ அந்த உலகத்தின் எலும்புகள் என்று கொண்டாடினார். 1842-இல் அவர் எழுதிய உரையில், ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் வைத்திருந்த அந்த யானையின் எலும்புகளுக்கும் இடம் கொடுத்தார்.

வணக்கம்.