சுடுதண்ணீர் வரை போன தீர்ப்பு

வணக்கம் நேயர்களே. இன்று நான் பேச எடுத்துக்கொண்டவர் ஃபிராங்க் எம். ஜான்சன். 1955 முதல் 1979 வரை அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மாண்ட்கோமெரி நகரில், கூட்டாட்சி மாவட்ட நீதிபதியாக இருந்தவர். அலபாமாவின் மாநில நீதிபதிகள் ஓட்டு வாங்கித்தான் பதவிக்கு வரவேண்டும். கூட்டாட்சி நீதிபதியை ஜனாதிபதி நியமிப்பார், செனட் ஒப்புதல் தரும், அப்புறம் ஆயுள் முழுக்கப் பதவி. ஊரே வெறுத்தாலும் ஓட்டுப் போட்டு இறக்க முடியாது. ஜான்சனை அவருடைய ஊர் வெறுக்கத்தான் செய்தது.

அவர் 1918இல் வின்ஸ்டன் கவுண்டியில் பிறந்தார். உள்நாட்டுப் போரின்போது, நாட்டை விட்டுப் பிரிய மாட்டோம் என்று முரண்டு பிடித்த பகுதி அது. சட்டக் கல்லூரியில் அவரோடு படித்தவர் ஜார்ஜ் வாலஸ்; வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் பிரித்து வைக்கும் நிறப் பிரிவினையைக் கைவிட மாட்டேன் என்று முழங்கிப் பின்னாளில் அலபாமாவின் ஆளுநரானவர். ஜான்சன் நார்மண்டி போர்முனையில் காயம்பட்டுத் திரும்பினார். நீதிபதியாகப் பதவியேற்றபோது வயது 37.

அடுத்த மாதமே மாண்ட்கோமெரியில், பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைதாகி, கறுப்பின மக்களின் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது. ஆனால் பேருந்துப் பிரிவினையைச் சட்டப்படி முறித்த வழக்கு ரோசா பார்க்ஸுடையது அல்ல. அரேலியா பிரௌடர், கிளாடெட் கோல்வின் உள்ளிட்ட நான்கு கறுப்பினப் பெண்கள் தொடுத்தது அது. இந்தப் பெயர்களையும் நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள். 1956 ஜூனில் ஜான்சனும் ரிச்சர்ட் ரைவ்ஸும் பெண்களின் பக்கம் தீர்ப்பளித்தார்கள், மூன்றாமவர் மறுத்தார். நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஜான்சனை மிரட்ட, அவர் வீட்டு வாசலில் சிலுவையை நட்டுக் கொளுத்தினார்கள்; வெள்ளை நிறவெறியர்களின் வழக்கமான மிரட்டல் அது. 1967இல் அவருடைய தாயின் வீட்டில் குண்டு வெடித்தது. உள்ளே இருந்த அந்த அம்மா உயிர் தப்பினார்.

1965 மார்ச் 7. அலபாமாவின் செல்மா நகரப் பாலத்தில், கறுப்பினத்தவருக்கு ஓட்டுரிமை கேட்டு மாண்ட்கோமெரி நோக்கி நடந்தவர்களைப் போலீசார் தடியால் அடித்து விரட்டினார்கள். வழக்கு ஜான்சனிடம் வந்தது. விசாரணை முடியும்வரை நடக்கக் கூடாது என்றுதான் அவர் முதலில் உத்தரவிட்டார். போராடியவர்களுக்கு அது கசந்தது. நீதிமன்றத்தில் அந்தத் தாக்குதலின் படச்சுருளைப் போட்டுப் பார்த்தார். மார்ச் 17 அன்று நடைபயணத்துக்கு அனுமதி கொடுத்தார். அநீதி எவ்வளவு பெரியதோ, அந்த அளவுக்கு மக்கள் கூடிப் போராடும் உரிமையும் விரியும் என்பது அவர் சொன்ன நியாயம். கையோடு கணக்கும் வைத்தார்: சாலை இரண்டு வழித்தடமாகக் குறுகும் இடத்தில் 300 பேருக்கு மேல் போகக் கூடாது. இந்தக் கணக்குதான் எனக்கு அவரை அடையாளம் காட்டுகிறது. உரிமை என்று அறிவித்துவிட்டு எழுந்து போகிற நீதிபதி அல்ல அவர்.

டஸ்கலூசா நகரின் பிரைஸ் மனநல மருத்துவமனை வழக்கைப் பாருங்கள். 5,000 பேருக்கு மேல் அடைந்து கிடந்த இடம். வழக்கில் பெயர் கொடுத்தவன் ரிக்கி வயட், 15 வயதுப் பையன். ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக அடைத்து வைத்தால் சிகிச்சை கொடுத்தே ஆகவேண்டும் என்று 1971இல் ஜான்சன் சொன்னார். அரசு அசையவில்லை. 1972இல் அவரே அளவுகோலை எழுதிவிட்டார். ஒரு அறையில் ஆறு பேருக்கு மேல் கூடாது. எட்டு பேருக்கு ஒரு கழிப்பறை. பதினைந்து பேருக்கு ஒரு குளியல் வசதி. குழாயில் வரும் வெந்நீரின் சூடு 110 டிகிரி ஃபாரன்ஹீட். நீதிபதிக்கு இதெல்லாம் வேலையா என்று கேட்டவர்கள் உண்டு. அந்த வார்டில் இருந்தவருக்கு வேறு எது நீதி? 1976இல் அலபாமா சிறைகளுக்கும் இதே போல எழுதினார்.

1977இல் ஜனாதிபதி கார்ட்டர் அவரை எஃப்.பி.ஐ. தலைவராக்க நினைத்தார், உடல்நலம் இடம்கொடுக்கவில்லை. 1979இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார். 1999 ஜூலையில் மாண்ட்கோமெரியில் காலமானார். ரிக்கி வயட்டின் வழக்கு அதற்குப் பின்னும் ஓடி, 2003 டிசம்பரில்தான் முடித்துவைக்கப்பட்டது. நன்றி, வணக்கம்.