இத்தாலியக் கோட்டு வாங்கப் போகிறீர்களா? முதலில் தோளைப் பாருங்கள்

[காட்சி: நேப்பிள்ஸ் கடற்கரைச் சாலை, காலை நேரம். ஒரு சின்னக் கடையின் முகப்பு.]

வணக்கம். நேப்பிள்ஸ் நகரத்தில் கடலை ஒட்டி ரிவியேரா தி கியாயா என்று ஒரு சாலை போகிறது. அந்தச் சாலையில், விட்டோரியா சதுக்கத்துக்குப் பக்கத்தில், மரினெல்லா என்ற டை கடை இருக்கிறது. 1914-இல் எவுஜேனியோ மரினெல்லா ஆரம்பித்த கடை. உள்ளே மொத்தமே சுமார் 20 சதுர மீட்டர் இடம்தான். 1994-இல் இதே ஊரில் ஜி-7 மாநாடு நடந்தபோது, வந்திருந்த நாட்டுத் தலைவர்களுக்கு இந்தக் கடையின் டைகளைத்தான் பரிசாகக் கொடுத்தார்கள். காலை ஆறரைக்கே கதவு திறந்துவிடும். கிறிஸ்துமஸ் நெருங்கினால் வாசலில் வரிசை நிற்கும்.

இத்தாலியில் ஆண்களுக்கான நல்ல உடைகளை இப்படிப்பட்ட சின்னக் கடைகளில் வாங்குவது தனி அனுபவம். ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால்தான் கொடுத்த காசுக்கு முழுப் பலன். இந்த வீடியோவில் கோட்டைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். பணம் அதிகம் போவதும், தவறு நடந்தால் திருத்த முடியாததும் அதில்தான்.

[காட்சி: இரண்டு கோட்டுகள் அருகருகே. ஒன்று விறைப்பான தோள், இன்னொன்று மென்மையான தோள்.]

முதலில் கொஞ்சம் பின்கதை. நேப்பிள்ஸின் வசதியான மனிதர்களுக்கு ஆங்கிலேய உடை மீது பெரிய மோகம் இருந்தது. ஜென்னாரோ ருபினாச்சி என்பவர் 1930-களில் தொடங்கிய கடைக்கே ‘லண்டன் ஹவுஸ்’ என்றுதான் பெயர். ஆனால் ஆங்கிலேயக் கோட்டு கனமானது. தோளில் பஞ்சு, மார்பில் விறைப்பான கேன்வாஸ். நேப்பிள்ஸ் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நடமாடுவது கஷ்டம். ருபினாச்சியின் கடையில் துணி வெட்டிய வின்சென்சோ அத்தோலினி, தோள் பஞ்சை எடுத்துவிட்டு, உள் அடுக்குகளையும் குறைத்தார். சட்டை மாதிரி லேசாக உடம்பில் உட்காரும் கோட்டு அப்படித்தான் பிறந்தது. இன்று உலகம் முழுக்க ‘நேப்பிள்ஸ் பாணி’ என்று பேசுவது இதைத்தான்.

இந்தக் கோட்டின் தோளுக்கு அங்கே ‘ஸ்பல்லா கமீச்சியா’, அதாவது சட்டைத் தோள் என்று பெயர். கையின் மேல்முனையில் சின்னச் சின்னச் சுருக்கங்கள் தெரியும். முதல் தடவை பார்ப்பவர்கள் தையல் சரியில்லை என்று நினைத்துக் கோட்டைத் திரும்ப வைத்துவிடுவார்கள். உண்மையில் அதுதான் இதில் கடினமான வேலை. கைக்குழி சின்னதாக, அக்குளுக்கு நெருக்கமாக வெட்டப்பட்டிருக்கும். அதைவிடப் பெரிய சுற்றளவுள்ள கைத்துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஒதுக்கிக் கையாலேயே தைப்பார்கள். அதனால் வரும் சுருக்கம் அது. பலன் என்ன? கையைத் தூக்கினால் கைமட்டும் மேலே போகும், கோட்டு முழுவதும் கூடவே ஏறாது. கடையில் போட்டுப் பார்க்கும்போது, பேருந்தில் மேல் கம்பியைப் பிடிப்பதுபோல் ஒரு கையைத் தூக்கிப் பாருங்கள். காலர் கழுத்தை விட்டு விலகாமல் இருந்தால் நல்ல வெட்டு.

தோள் அகலம், காலர் இரண்டும் உங்களுக்குப் பொருந்தவில்லையா? எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். இடுப்பைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம், பேன்ட் நீளத்தை மாற்றலாம். தோளைப் பிரித்துத் திருத்துவது கோட்டையே மறுபடி தைப்பதற்குச் சமம்.

[காட்சி: கைமுனையின் பட்டன்கள், நெருக்கமாக.]

கைமுனையையும் கவனியுங்கள். அந்தப் பட்டன்களுக்கு ஏற்கெனவே காஜா வெட்டியிருந்தால், கை நீளத்தை முனையிலிருந்து குறைப்பது சிரமம். தோள் பக்கமிருந்து பிரிக்க வேண்டும், செலவு ஏறும். இந்தத் தொழில் தெரிந்த கடைக்காரர்கள் கைமுனையை முடிக்காமலேயே வைத்திருப்பார்கள். உங்கள் கைக்கு அளந்து, சட்டையின் கஃப் ஒரு சென்டிமீட்டர் போல வெளியே தெரியும்படி நிறுத்தி, அப்புறம்தான் காஜா எடுப்பார்கள். அப்படிப்பட்ட கடையை நம்பலாம்.

அடுத்து உள்ளே இருப்பது. முன்பக்கத் துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில் ஓர் அடுக்கு உண்டு. நல்ல கோட்டில் அது கம்பளியும் குதிரை முடியும் கலந்து நெய்த கேன்வாஸ், தையலால் இணைத்தது. விலை மலிவான கோட்டில் பக்ரம், அதாவது பசையால் ஒட்டிய விறைப்புத் துணி. ஒட்டியது சில டிரை க்ளீனிங்குக்குப் பிறகு குமிழ் குமிழாக எழும்பக்கூடும். கண்டுபிடிக்க ஒரு வழி: கீழ்ப் பட்டனுக்குக் கீழே மேல்துணியை ஒரு விரலாலும் உள்துணியை இன்னொரு விரலாலும் பிடித்து மெதுவாக விலக்குங்கள். நடுவில் மூன்றாவதாக ஓர் அடுக்கு தனியாக நழுவினால் முழு கேன்வாஸ். நேப்பிள்ஸ் கோட்டில் இது மிக மெல்லியதாக இருக்கும், சந்தேகம் வந்தால் கேட்டுவிடுங்கள். நல்ல கடைக்காரருக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடிக்கும்.

துணி விஷயத்தில், கம்பளி இழை எவ்வளவு மெல்லியது என்று சொல்லும் ‘சூப்பர்’ எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். சூப்பர் 100 என்றால் கம்பளி இழையின் சராசரி விட்டம் 18.75 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் போகாது, சூப்பர் 150 என்றால் 16.25. எண் ஏற ஏற இழை மெலிகிறது, தொட்டால் வழுவழு என்று இருக்கும். கூடவே சீக்கிரம் கசங்கும், தேயும். வாரத்தில் பல நாள் போடும் கோட்டுக்கு 100, 110 தாராளமாகப் போதும் என்பது என் முடிவு. வடக்கு இத்தாலியின் பியெல்லா பகுதி ஆலைகளின் துணியா என்றும் கேளுங்கள். அங்கே விட்டாலே பார்பெரிஸ் கனோனிகோ குடும்பத்தின் துணித் தொழிலுக்கு 1663-ஆம் ஆண்டு ஆவணமே இருக்கிறது.

‘மேட் இன் இத்தாலி’ லேபிளை மட்டும் நம்பிவிடாதீர்கள். முக்கியமான கடைசிக்கட்ட வேலை இத்தாலியில் நடந்தாலே அந்த வார்த்தை போடலாம். ‘100% மேட் இன் இத்தாலி’ என்று போட, 2009-இல் வந்த சட்டப்படி, வடிவமைப்பு முதல் பேக்கிங் வரை எல்லாமே அங்கே நடந்திருக்க வேண்டும்.

[திரையில்: 50 = மார்புச் சுற்றளவு 100 செ.மீ.]

அளவு எளிது. மார்புச் சுற்றளவில் பாதிதான் இத்தாலிய எண். 100 சென்டிமீட்டர் மார்பு என்றால் 50. அமெரிக்க, பிரிட்டிஷ் கணக்கில் 40.

சரி, கடைக்குள் எப்படி நடந்துகொள்வது? நுழையும்போது ‘புவோன்ஜோர்னோ’ சொல்லுங்கள். அடுக்கி வைத்ததை நீங்களே இழுத்துக் கலைக்க வேண்டாம். எந்த நிகழ்ச்சிக்கு, எந்த ஊர் வெயிலுக்கு, உங்களிடம் ஏற்கெனவே என்னென்ன நிறம் இருக்கிறது என்று சொல்லுங்கள். அவர் உங்கள் தோளை ஒரு பார்வை பார்த்துவிட்டு இரண்டு கோட்டு எடுத்து வைப்பார். பெரும்பாலும் அதில் ஒன்று பொருந்தும். பெரிய ஷோரூமில் கிடைக்காதது அந்தக் கண்தான், அதற்காகவே நான் சின்னக் கடையைச் சொல்கிறேன். ஒரு கோட்டைப் பார்த்து ‘இது உங்களுக்கு வேண்டாம்’ என்று அவரே சொன்னால் கேளுங்கள்.

பேரம் பேசிப் பார்க்கும் இடம் இல்லை அது. விலை குறைய வேண்டும் என்றால் ஜனவரி தொடக்கத்திலும் ஜூலை தொடக்கத்திலும் ஆரம்பிக்கும் ‘சால்தி’ தள்ளுபடிக் காலத்தில் போங்கள். மதியம் பல கடைகள் மூடிவிடும், ஆகஸ்ட் நடுவில் ஊரே விடுமுறையில் இருக்கும். ஆல்டர் செய்யச் சில நாள் ஆகும் என்பதால், பயணத்தின் கடைசி நாளில் போகாமல் முதல் நாளே போய்விடுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்களுக்கு விலையோடு சேர்த்துக் கட்டும் 22 சதவீத விற்பனை வரியில் (வாட்) ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும், பில் போடும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் வாங்க வேண்டும். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பு சுங்க அனுமதி வாங்கிவிடுங்கள். கோட்டைக் காட்டச் சொன்னால் அது கையில் இருக்க வேண்டும்.