நெற்பழமும் கூகையும்

நேயர்களுக்கு வணக்கம். சம்பா பூக்கும் கார்த்திகை, மார்கழியில் கதிரில் மஞ்சள் உருண்டைகள் தென்பட்டால், நம் டெல்டாவின் பெரியவர்கள் சிலர் முகம் மலர்வார்கள். லட்சுமி வந்துவிட்டாள், மகசூலுக்குக் குறைவில்லை என்பார்கள். அன்றிரவே கோபுரத்தில் கூகை என்னும் ஆந்தை கிறீச்சிட்டால், யார் வீட்டுச் சாவுக்கோ என்று கதவைச் சாத்துவார்கள். இரண்டு இடத்திலும் கணக்கு தலைகீழ்.

அந்த உருண்டை நெற்பழம் என்னும் பூசண நோய். 1878இல் குக் என்ற ஆங்கிலேயர் இதை முதலில் விவரித்தது நம் திருநெல்வேலி நெல்லை வைத்துத்தான். பூவுக்குள் நுழைந்து மகரந்தத் தாளைப் பற்றிக்கொள்ளும் பூசணம், மணிக்குப் போக வேண்டிய சத்தைத் தானே உண்டு வீங்குகிறது. மஞ்சளாக இருப்பது பச்சையாகி, பிறகு கறுக்கிறது. பெரியவர்கள் கண்டதும் முழுப் பொய்யில்லை. மழையும் ஈரமும் தழைச்சத்தும் மிகுந்த வயலில் பயிரும் தழைக்கும், நோயும் தழைக்கும். நல்ல விளைச்சலோடு கூட வந்த திருடனுக்கு விளைச்சலைக் கொடுத்த பெயர் கிடைத்துவிட்டது.

கூகையோ இரவெல்லாம் நமக்காக உழைக்கிறது. அதன் காதுத் துளைகளில் ஒன்று சற்று மேலே, மற்றது சற்றுக் கீழே. ஒலி இரண்டையும் எட்டும் நுண்ணிய வேறுபாட்டை வைத்தே, கும்மிருட்டிலும் எலி இருக்கும் இடத்தைக் குறி தவறாமல் கண்டுகொள்கிறது. விழுங்கிய எலியின் எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். பழைய மண்டபங்களின் அடியில் அவற்றைப் பார்க்கலாம். உதிர்த்துப் பார்த்தால் எலி மண்டையோடுகள் கிடைக்கும். மூங்கில் கிட்டி வைத்து எலி பிடித்த தஞ்சை மண்ணில், கூலி கேட்காத இந்த வேட்டைக்காரனைக் கல்லால் அடித்து விரட்டுகிறோம். வடநாட்டில் லட்சுமியின் வாகனமே ஆந்தைதான். நாம் அவள் பெயரைப் பூசணத்துக்குக் கொடுத்தோம்!

நெற்பழத்துக்கு மருந்தென்றால், கதிர் வெளிவராமல் உறைக்குள் இருக்கும் தொண்டைக்கதிர்ப் பருவத்தில் ஒருமுறை, பாதிப் பூ பூத்ததும் ஒருமுறை. உருண்டையைப் பார்த்த பிறகு தெளிப்பது காசுக்குக் கேடு. அந்த வயல் நெல்லை விதைக்கு எடுக்காதீர்கள்.

கூகைக்கு வயலில் வைக்கோல் சுற்றிய கழிகளை நட்டால் போதும், உட்கார்ந்து வேட்டையாடும். எலி விஷத்தை மட்டும் யோசித்து வையுங்கள். விஷம் தின்று தள்ளாடும் எலியைப் பிடித்தால் கூகையும் சாகக்கூடும். கதிர் பால் பிடித்ததும் கழிகளைப் பிடுங்கிவிடுங்கள். இல்லையென்றால் பகலில் கிளிகள் வந்து அதே கழியில் அமர்ந்து நெல்லைக் கொறிக்கும். வணக்கம்.