ஆடு ஈனும் நேரம்

வணக்கம் நேயர்களே. பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் ஆங்கிலம் நடத்தியவன் நான். இன்று பேசப்போவது ஒரே ஒரு சொல்லைப் பற்றி. செம்மறியோ வெள்ளாடோ குட்டி போட்டால் பழைய ஆங்கிலத்தில் 'யீன்' என்பார்கள். யகரத்தை விட்டு 'ஈன்' என்பதும் உண்டு. ஆமாம், ஈன்தான். சரியாகத்தான் கேட்டீர்கள்.

அன்று ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நடத்திக்கொண்டிருந்தேன். வட்டி வாங்குவது தப்பில்லை என்று வாதாட, அதில் வரும் வட்டிக்காரன் ஷைலக் ஒரு பைபிள் கதையை எடுப்பான். தாய்மாமன் லாபானின் ஆடுகளை யாக்கோபு மேய்க்கிறான். வரியும் புள்ளியுமாகப் பிறக்கிற குட்டிகள்தான் கூலி. பார்த்தான் யாக்கோபு, வரிவரியாகப் பட்டை உரித்த குச்சிகளை ஆடுகள் இணையும் இடத்தில் கண்ணில் படும்படி நட்டுவைத்தான். பார்த்தது போலவே குட்டி பிறக்கும் என்பது நம்பிக்கை. 'ஈனிங் டைம்' வந்தது, எல்லாம் வண்ணக் குட்டிகள்! நான் 'ஈனிங்' என்று வாசித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். வீட்டில் நாற்பது ஆடு. வகுப்பில் வாயே திறக்காதவன். "ஆடு ஈனுற நேரமா ஐயா?" என்றான். வகுப்பே சிரித்தது. நான் அடிக்குறிப்பைப் பார்த்தேன். அதேதான்! அப்புறம் அன்றைக்குப் பாடம் நடத்தியது அவன்தான்.

உடனே, தமிழிலிருந்து போன சொல் என்று கிளம்பிவிடாதீர்கள். அதன் சொந்தபந்தம் வேறு. ஆட்டுக்குட்டிக்கு லத்தீனில் 'அக்னுஸ்', வெல்ஷ் மொழியில் 'ஒய்ன்'. அந்தக் குடும்பம் அது. நம் சொல்லோடு ஒலி ஒத்தது தற்செயல். மறுபடியும் சொல்கிறேன், தற்செயல்.

இங்கிலாந்தில் இன்று அந்தச் சொல் வழக்கில் இல்லை. குட்டியின் பெயரையே வினையாக்கி, செம்மறிக்கு 'லேம்பிங்', வெள்ளாட்டுக்கு 'கிட்டிங்' என்கிறார்கள். நாமும் 'குட்டி போட்டது' என்றுதானே சொல்கிறோம்? ஆனாலும் சந்தையில் 'எத்தனையாவது ஈத்து' என்று கேட்காமல் விலை பேசமாட்டோம்.

சரி, கணக்குக்கு வருவோம். செம்மறிக்குச் சினைக்காலம் சுமார் 147 நாள். அங்கே நவம்பர் 5 வாணவேடிக்கை நாள். அன்று கிடாவை மந்தையில் விட்டால், முட்டாள்கள் தினத்தில் குட்டி என்று சொலவடையே உண்டு. விரல்விட்டு எண்ணிப் பாருங்கள், ஏப்ரல் 1 சரியாக 147-ஆம் நாள்.

கடைசியாக, தாயில்லாக் குட்டி. இதைத்தான் விரிவாகச் சொல்ல நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். குட்டி செத்துப்போன ஆட்டிடம், அந்தச் செத்த குட்டியின் தோலைப் போர்த்தி அநாதைக் குட்டியை விடுவார்கள். ஆடு மோந்து பார்க்கும். தன் குட்டி வாசம். மடி கொடுத்துவிடும். சில நாளில் தோலைக் கழற்றிவிடலாம். வணக்கம்.