குளம் வற்றிய ஆண்டு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

நலிந்த ஜனநாயக நாடுகளில் கடும்போக்குக் கட்சிகளுக்கு மக்கள் ஆதரவு பெருகுவதற்குப் பெரிதும் காரணம் தலைவர்களின் நாவன்மையா, ஆண்ட கட்சிகளின் கைவிடலா என்பது இன்றைய தலைப்பு. கைவிடலே என்று வாதிட வந்திருக்கிறேன். ஆனால் எனக்கு முன் பேசிய எதிரணி ஆசிரியர் ஒரு சொல்லை எறிந்துவிட்டு அமர்ந்திருக்கிறார். அதற்கு மறுமொழி கூறாமல் என்னால் ஓரடியும் நகர முடியாது. "கூப்பிடுகிறவனின் குரல் எடுப்பாக இருந்தால் மாட்டுப்பட்டி பின்னால் போகும், மக்களும் அப்படித்தான்" என்றார். அவையில் சிரிப்பும் எழுந்தது.

ஐயா, நான் மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவள். இந்த வன்னியில் குளத்துக்கும் காட்டுக்கும் நடுவே பட்டி அடைத்து வாழ்கிறவர்கள் இந்தப் பந்தலுக்குள்ளேயே பலர் இருக்கிறார்கள். மாடு எந்தக் குரலுக்குப் போகும், எந்தக் குரலுக்குப் போகாது என்று அவர்களில் ஒருவரைக் கேட்டுவிட்டு நீங்கள் மேடையேறியிருக்கலாம்.

எங்கள் அப்பாவின் பட்டியில் நாற்பது மாடுகள் நின்றன. காலபோகம் விதைத்ததும் காட்டோரமாகச் சாய்த்துச் செல்வார்; அரிவு வெட்டி முடிந்ததும் வயல்வெளிக்குத் திருப்புவார். எங்கள் ஊருக்கு மாட்டுத் தரகர் ஒருவர் வந்துபோவார். அந்தத் தரகர், அப்பா மாடுகளை அழைப்பதைப் போலவே அழைக்கப் பழகியிருந்தார். கண்ணை மூடிக் கேட்டால் பெற்ற மகளாகிய எனக்கே வேறுபாடு தெரியாது. குளம் நிறைந்திருந்த ஆண்டுகளில் அவர் குளக்கட்டில் நின்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டிருக்கிறார். எங்கள் செவலைப் பசு தலையைத் தூக்கியது கிடையாது. அசைபோடுவதைக்கூட நிறுத்தியது கிடையாது.

பிறகு ஓர் ஆண்டு துருசுக் கதவு உடைந்து, மாரியில் சேர்ந்த நீர் இரவு பகலாக ஒழுகிப் போய்க்கொண்டிருந்தது. அதைத் திருத்தித் தரவேண்டிய அலுவலகத்துக்கு அப்பா நான்கு முறை சைக்கிளில் போனார். நான்கு முறையும் மேலிடத்துக்கு எழுதியிருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். ஆவணியில் குளம் வெடித்துக் கிடந்தது. அப்போது அதே தரகர், அதே குரலோடு, கையில் ஒரு வாளித் தண்ணீரும் கொண்டு வந்தார். முதலில் எழுந்து நடந்தது செவலைப் பசு. அதன் பின்னால் ஐந்து மாடுகள் நடந்தன.

நடுவர் அவர்களே, ஜேர்மனியில் 1928 மே மாதத் தேர்தலில் ஹிட்லரின் கட்சி பெற்றது 2.6 வீத வாக்கு. 1930 செப்டெம்பரில் 18.3 வீதம். 1932 ஜூலையில் 37.3 வீதம். அதே மனிதர், அதே வாய், அதே வெறுப்புப் பேச்சு. 1928இல் தலையைத் தூக்காத மக்கள் 1930இல் ஏன் எழுந்து நடந்தார்கள்? வேலையற்றோர் காப்புறுதிக்கு யார் கூடுதலாகச் செலுத்துவது என்ற பிணக்கில் 1930 மார்ச்சில் கூட்டணி அரசு கவிழ்ந்தது. அடுத்து அரசுத் தலைமைக்கு வந்த புறூணிங், நாடாளுமன்றப் பெரும்பான்மை இல்லாமலே, ஜனாதிபதியின் அவசரகால ஆணைகளைக் கொண்டு சம்பளத்தையும் நிவாரணத்தையும் வெட்டினார். 1932இன் தொடக்கத்தில் வேலையற்றோர் தொகை அறுபது இலட்சத்தை எட்டியது.

இதைவிட எனக்கு நெருக்கமான ஊர் ஒன்று உண்டு. ஜேர்மனியின் வடக்கே சிலெஸ்விக்-ஹோல்ஸ்டைன்; நம்மைப் போலக் கமமும் மாடுமாக வாழ்ந்த மண். 1928 நவம்பரில் அங்கே பைடன்ஃபிளெத் என்னும் ஊரில் வரி நிலுவைக்காக எருதுகளைப் பறிமுதல் செய்ய ஆட்கள் வந்தபோது, கமக்காரர்கள் வீதியில் வைக்கோலுக்குத் தீமூட்டி வழிமறித்தார்கள். தாம் நம்பி வாக்களித்த கட்சிகளிடம் கடனுக்கும் வரிக்கும் தவணை கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள் அவர்கள். அந்த மாகாணத்தில் 1928இல் ஹிட்லரின் கட்சிக்கு 4 வீதம். 1932 ஜூலையில் 51 வீதம். கிரீஸிலும் இதே வாளிதான். 2009இல் அரை வீதத்தையும் தொடாத பொன்விடியல் கட்சி, அரசு நிவாரணங்களை வெட்டிய பின் "கிரேக்கருக்கு மட்டும்" என்று உணவு பகிர்ந்து, 2012 மேயில் 21 ஆசனங்களோடு நாடாளுமன்றம் புகுந்தது.

வாளி கொண்டுவந்தவரை நான் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. அவர் காட்டுக்குள் லொறியையும் நிறுத்திவைத்திருந்தார். ஹிட்லர் பதவியேற்று ஆறு மாதம் நிறைவதற்குள், 1933 ஜூலை 14இல், ஏனைய கட்சிகள் அனைத்தையும் தடைசெய்த சட்டம் வந்தது. அந்தப் பதவியும் பேச்சுக்குக் கிடைத்த பரிசன்று. 1932 நவம்பரில் அவருடைய வாக்கு 33.1 வீதமாகச் சரிந்திருந்தது. சரிந்துகொண்டிருந்தவரை அழைத்துப் படலையைத் திறந்துவிட்டவர்கள் முன்னாள் அரசுத் தலைவர் பாப்பனும் ஜனாதிபதி ஹிண்டன்பேர்க்கும். இதற்கு மேலும் மக்கள்தான் மாடுகள் என்று சொல்ல உங்களுக்கு மனம் வருகிறதா, ஐயா?

அன்று மாலை அப்பா காட்டோரம் போய்ச் சேர்ந்தபோது லொறியின் சில்லுத் தடம் மட்டுமே இருந்தது. வீட்டில் செவலையின் கன்று கட்டுத்தறியில் நின்று கத்திக்கொண்டிருந்தது. அம்மா போத்தலில் பால் கரைத்துக் கொடுத்துப் பார்த்தார், வாய் வைக்கவில்லை. நான் ஆத்திரத்தில், "நன்றி கெட்ட மாடு, வளர்த்த கையை மறந்துவிட்டுப் போய்விட்டது" என்று அழுதேன். அப்பா என்னைத் திட்டவில்லை. "தண்ணி வைக்காதவன் நான்தானே, பிள்ளை" என்றார்.

விடியுமுன் அவர் மண்வெட்டியையும் பழைய உரப்பைகள் சிலவற்றையும் எடுத்துக்கொண்டு குளக்கட்டுக்குப் போனார். பின்னாலே நானும் போனேன். வெடித்த குளத்து மண்ணை வெட்டி உரப்பைகளில் நிரப்பி, உடைந்த துருசின் வாயை அவர் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டிருந்தார். மாரிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.