இரண்டாம் வயலின், கடைசி வரிசை

நேயர்களுக்கு வணக்கம்.

புதன்கிழமை மாலை ஏழேகால் மணிக்கு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மண்டபத்தின் பின்கதவைத் திறந்தால், நாற்காலிகள் தரையில் உரசும் சத்தம்தான் முதலில் காதில் விழும். மதியம் பிள்ளைகள் சாப்பிட்ட இடம் அது. மேசைகளை மடித்து ஓரமாக ஒதுக்கி, நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டு, இசைக்குறிப்பு வைக்கும் தாங்கிகளை நிறுத்தி முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். பல் மருத்துவர் ஒருவர், பஸ் ஓட்டுநர் ஒருவர், ஓய்வு பெற்ற செவிலியர்கள் மூன்று பேர், கல்லூரிப் பெண் ஒருத்தி, எண்பதைத் தொடப்போகும் பொறியாளர் என்று ஐம்பது பேருக்கு மேல் வந்து சேருவோம். ஏழரைக்கு, ஓபோ என்னும் ஊதுகுழல் வாசிப்பவர் ஒரே ஒரு ஸ்வரத்தை நீளமாக ஊதுவார். அதைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேரும் சுருதி சேர்ப்போம். வாரம் முழுவதும் நான் காத்திருப்பது அந்த ஒரு நிமிடத்துக்காக.

ஆர்கெஸ்ட்ரா என்றதும் நம்மவர்களுக்குக் கோயில் திருவிழாவில் சினிமாப் பாட்டு வாசிக்கும் மெல்லிசைக் குழு நினைவுக்கு வரும். நான் சொல்வது இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் இருக்கும் அமெச்சூர் இசைக்குழு. நாள் முழுவதும் வேறு வேலை பார்ப்பவர்கள் வாரத்தில் ஒரு மாலை கூடி மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதம் வாசிக்கிறார்கள். செப்டம்பரில் பருவம் தொடங்கும். நவம்பரில் ஒரு கச்சேரி, மார்ச்சில் ஒன்று, ஜூனில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழப் பத்து ஒத்திகைகள். வாசிப்பதற்கு யாருக்கும் காசு கிடையாது. நாங்கள்தான் ஆண்டுச் சந்தா கட்டுகிறோம்.

என் கதையைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. நான் கும்பகோணத்துக்காரி. ஒன்பது வயதில் வயலின் கற்கத் தொடங்கினேன். வர்ணங்கள், நாற்பதுக்கு மேல் கீர்த்தனைகள், பள்ளி ஆண்டு விழா மேடைகள் என்று பன்னிரண்டு ஆண்டுகள் போயின. பிறகு திருமணம். "இனி எங்கே வாசிக்கப்போகிறாய்" என்று யாரும் கேட்கக்கூட இல்லை. பட்டுத்துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்த வயலின் என்னோடு விமானமேறி வந்து, பதினேழு ஆண்டுகள் இங்கே அலமாரியின் மேல்தட்டில் இருந்தது.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. கச்சேரி செய்யும் அளவுக்கு வந்தால் வித்வான், இல்லையென்றால் ரசிகர். நடுவில் ஆயிரமாயிரம் பேர் இருக்கிறார்கள். பத்து வருடம் படித்தவர்கள், விரல்களில் ராகம் இருப்பவர்கள், தனியாக மேடையேறும் திறமையோ துணிச்சலோ வாய்க்காதவர்கள். அவர்கள் உட்கார்ந்து வாசிக்க நாம் ஒரு நாற்காலி போட்டு வைக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது வலிக்கிறது.

அந்த நாற்காலி எனக்கு இந்த மண்டபத்தில் கிடைத்தது. நூலகத்து அறிவிப்புப் பலகையில், இரண்டாம் வயலினுக்கு ஆள் தேவை என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. இசைக்குழுவில் வயலின்கள் இரண்டு அணி; முதல் அணி பெரும்பாலும் மெட்டை வாசிக்கும், இரண்டாம் அணி அதற்குத் துணைபோகும். போனேன். நான் பழகிய வயலினுக்கும் அவர்களுடையதற்கும் மரத்தில் வேறுபாடு இல்லை, மற்றதெல்லாம் வேறு. நாம் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையை வலது பாதத்தில் ஊன்றி வாசிக்கிறோம். இடது கை கருவியைத் தாங்க வேண்டியதில்லை; அதனால்தான் ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகத்துக்கு விரல் அப்படி வழுக்கி ஓடுகிறது. அவர்கள் நாற்காலியில் அமர்ந்து மோவாய்க்கும் தோளுக்கும் இடையில் பிடிக்கிறார்கள். நம் தந்திகள் ச, ப, ச, ப. அவர்களுடைய நான்கு தந்திகளும் ஒன்றுக்கொன்று பஞ்சம இடைவெளியில், அதாவது ச-விலிருந்து ப-வுக்கு உள்ள தூரத்தில், ஏறிக்கொண்டே போகும். நான் வாசித்ததெல்லாம் குருவின் வாயிலிருந்து காதுக்கு வந்தது. இவர்களோ ஐந்து கோடுகளில் எழுதியதைப் பார்த்து வாசிக்கிறார்கள். அந்தக் கோடுகளைப் படிக்க எனக்கு ஓராண்டு பிடித்தது. அதுவரை எளிதான இடங்களை மட்டும் வாசித்தால் போதும், மற்ற இடங்களில் வில்லைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று, முன்னால் நின்று கையசைத்து இசையை வழிநடத்தும் எங்கள் நடத்துநர் சொல்லிவிட்டார்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதே பாதையில் எதிர்ப்புறமாக ஒருவர் நடந்திருக்கிறார் என்பது அந்த நாள்களில் எனக்குப் பெரிய ஆறுதல். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், சென்னையை அடுத்த மணலியில் இருந்தபோது ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டு வந்தார். புனித ஜார்ஜ் கோட்டையின் பேண்டு இசையைக் கேட்ட அண்ணன், அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று நம் பிள்ளைகள் இன்றும் பாடுவது அவற்றைத்தான். அதில் 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு. முதன்முதலில் இந்த ஊர்க்காரர்களோடு அந்த கீதத்தை வாசித்தபோது என் வாய் தானாகத் தீட்சிதரின் சொற்களை முணுமுணுத்தது.

வயலின்காரர்கள் இரண்டிரண்டு பேராக ஒரே தாங்கியைப் பார்த்து வாசிப்போம். பக்கம் முடிந்ததும் உட்புறம் இருப்பவர் வாசிப்பதை நிறுத்திப் பக்கத்தைத் திருப்ப வேண்டும். சபையை ஒட்டி இருப்பவர் விடாமல் வாசித்துக்கொண்டிருப்பார். திருப்புவது என் வேலை. என் கூட்டாளி ஓய்வு பெற்ற செவிலியர். அவர் கையில் எப்போதும் ஒரு பென்சில். வில் எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை முதல் வரிசையில் முடிவு செய்து பின்னால் அனுப்புவார்கள். மேலே போக ஆங்கில வி போல ஒரு குறி, கீழே வர அடிப்பக்கம் திறந்த பெட்டி போல ஒன்று. பேனாவால் எழுதவே கூடாது. வாடகைக்கு வரும் இசைத்தாள்களில் எழுதியதை அழித்துத் திருப்பித் தர வேண்டும்.

இரண்டாவது பருவத்தில் ஒரு கச்சேரி. நீண்ட மௌனத்துக்குப் பிறகு இரண்டாம் வயலின்கள் நுழைய வேண்டிய இடம். எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கோ தவறி, இரண்டு ஆவர்த்தனம் முன்னதாக, நான் ஒருத்தி மட்டும் நுழைந்துவிட்டேன். நிறைந்த தேவாலயத்தில் அந்த ஒற்றை ஸ்வரம் கூரை வரை போய் வந்தது. உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. கூட்டாளி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த புதன்கிழமை ஒத்திகையில் அந்த இடத்துக்கு மேலே பென்சிலால் சின்னதாக ஒரு மூக்குக்கண்ணாடி வரைந்து வைத்தார். நடத்துநரைப் பார் என்பதற்கு இசைக்குழுக்காரர்களின் பழைய அடையாளம் அது. வாடகைத் தாள்களில், முன்பு எந்தெந்த ஊர்களிலோ அதை வாசித்தவர்கள் அரைகுறையாக அழித்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடிகள் எத்தனையோ கண்டிருக்கிறேன். எனக்கு முன்னால் அதே இடத்தில் தவறியவர்கள் அவர்கள்.

மௌனத்தை எண்ணுவதற்கு எனக்கு உதவுவது ஆதி தாளம்தான். இங்கே தொடையில் தட்ட முடியாது. செருப்புக்குள் கால் விரல்களால் எண்ணிக்கொள்கிறேன்.

இப்படிச் சம்பளமில்லாமல் கூடுகிறவர்களைப் பொழுதுபோக்குக்காரர்கள் என்று தள்ளிவிட முடியாது. பெரிய இசையமைப்பாளர்களே இவர்கள் நடுவிலிருந்து வந்தவர்கள். எட்வர்ட் எல்கரின் தந்தை உஸ்டர் நகரில் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். இருபத்தோரு வயது எல்கர் 1879இல் பக்கத்திலிருந்த பொவிக் மனநலக் காப்பகத்தில் பேண்டு நடத்துநராகச் சேர்ந்தார். வாசித்தவர்கள் அங்கே வேலை பார்த்த ஊழியர்கள். இருந்த கருவிகளுக்கு ஏற்றபடி நடனத் துண்டுகள் எழுதிக் கொடுத்து ஐந்து ஆண்டுகள் கைபழகினார் அவர்.

இன்னொரு இசையமைப்பாளர் குஸ்டாவ் ஹோல்ஸ்டின் கதையை நான் யாரிடம் சொன்னாலும் கண் கலங்காமல் சொன்னதில்லை. 1907 முதல் லண்டன் மார்லி கல்லூரியில் அவர் இசைப் பொறுப்பாளர். உழைக்கும் மக்கள் வேலை முடிந்து மாலையில் படிக்க வரும் கல்லூரி அது. ஹென்றி பர்செல் எழுதிய 'தேவதை அரசி' என்னும் மேடை இசைநாடகத்தின் முழு இசைப்படி, அவர் 1695இல் இறந்த பிறகு காணாமல் போயிருந்தது. அது மீண்டும் கிடைத்து அச்சான பிறகு, அதை வாசித்துக் காட்ட வேண்டுமென்று ஹோல்ஸ்ட் ஆசைப்பட்டார். ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனித் தாள் வேண்டும். மார்லி மாணவர்கள் இருபத்தெட்டுப் பேர் உட்கார்ந்து கையால் படியெடுத்தார்கள். 1,500 பக்கங்கள். ஓய்வு நேரத்தில் மட்டும் எழுதி முடிக்க ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. 1911இல் லண்டன் ஓல்டு விக் அரங்கில் அவர்கள் அதை வாசித்தார்கள். இருநூறு ஆண்டுகள் யாரும் கேளாத இசையை, நாள் முழுவதும் உழைத்துக் களைத்த கைகள் திரும்பக் கொண்டு வந்தன.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நடத்துநர் தொழில்முறைக் கலைஞர், அவருக்குச் சம்பளம் உண்டு. தனிவாசிப்புக்கு வருகிறவருக்கும் உண்டு. மண்டப வாடகை, தாள் வாடகை எல்லாம் சந்தாவிலும் டிக்கெட்டிலும்தான். என்ன வாசிப்பது என்பதைக்கூடப் பல நேரம் காப்புரிமைதான் முடிவு செய்கிறது. இசையமைப்பாளர் இறந்து எழுபது ஆண்டுகள் வரை உரிமை உண்டு. 1934இல் இறந்த எல்கருடைய தாள்களை இனாமாகவே எடுத்துக்கொள்ளலாம். 1958இல் இறந்த வான் வில்லியம்ஸை 2028 முடியும்வரை வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும். எங்கள் பொருளாளர் ஒவ்வொரு மே மாதமும் இந்தக் கணக்கோடு மல்லுக்கு நிற்பார்.

இந்த நவம்பரில் நாங்கள் வாசிக்கப்போவது செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனி, 'புதிய உலகிலிருந்து'. அவர் நியூயார்க்கில் இருந்தபோது எழுதியது. 1893 டிசம்பரில் அங்கே கார்னகி அரங்கில் முதலில் வாசிக்கப்பட்டது. அதன் இரண்டாம் பகுதியை நேயர்கள் அவசியம் தேடிக் கேட்க வேண்டும். பித்தளைக் கருவிகளின் கனத்த முழக்கம் அடங்கியதும், கோர் ஆங்லே என்னும் ஊதுகுழல் ஒரு மெட்டைத் தொடங்கும். நம் ஸ்வரங்களில் சொன்னால்: க ப ப, க ரி ச, ரி க ப க ரி. முதன்முறை கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம் மோகன ராகம்! சற்று நேரத்தில் அந்த ராகத்தில் இல்லாத நிஷாதம் வந்து சேரும், மோகனம் கலைந்துவிடும். ஆனால் அந்த முதல் வரிகளில் நான் கும்பகோணத்தில் குருவின் வீட்டுத் திண்ணையில் இருக்கிறேன். அப்போது இரண்டாம் வயலின்களுக்கு வேலை மிகக் கொஞ்சம். தந்திகளைத் தாங்கும் குதிரை என்னும் கட்டையின் மேல், ஒலியை அடக்கும் மியூட்டை மாட்டி, மூச்சுவிடும் அளவுக்குத்தான் ஒலி. நீண்ட ஸ்வரங்களை அந்த மெட்டுக்கு அடியில் தம்பூராவைப் போலப் பிடித்திருக்க வேண்டும். தனி வித்வானாக ஆகியிருந்தால் அந்த இடத்தில் உட்காரும் பேறு எனக்குக் கிடைத்திருக்காது.

அதே சிம்பொனியில் டியூபா என்னும் பெரிய ஊதுகருவிக்கு மொத்தமே பதினான்கு ஸ்வரங்கள்தான், அவையும் இந்த இரண்டாம் பகுதியில் மட்டும். எங்கள் டியூபாக்காரர்தான் அந்த பஸ் ஓட்டுநர். பதினான்கு ஸ்வரங்களுக்காக இரவுப் பணியை மாற்றிக்கொண்டு பத்து வாரமும் வருகிறார். நான்காம் பகுதியில் சிம்பலுக்கு ஒரே ஒரு தட்டு, அதுவும் பலமாக அல்ல. அதைத் தட்டுபவர் எண்பதை நெருங்கும் எங்கள் பொறியாளர். மூன்றாம் பகுதியில் முக்கோண மணியைத் தட்டி முடித்துவிட்டு, இரண்டு வட்டத் தகடுகளையும் மடியில் வைத்து உதடு அசைய எண்ணிக்கொண்டிருப்பார். தன் இடம் வருவதற்குச் சற்று முன்பு எழுந்து நிற்பார். சென்ற புதன்கிழமை ஒத்திகையில் நடத்துநர் அந்த இடத்தை மூன்று முறை திரும்ப வாசிக்கச் சொன்னார். மூன்று முறையும் அவர் எழுந்து, தட்டி, உட்கார்ந்தார். மூன்றாவது தட்டில் அந்த ஓசை நாங்கள் வாசித்த ஸ்வரத்துக்குள் கரைந்து போனது. முன்வரிசையில் யாரோ வில்லால் தாங்கியைத் தட்டிப் பாராட்டினார்கள். பிறகு எல்லோருமே தட்டினோம்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் எத்தனை பேர் வீட்டு அலமாரியில் வயலின் பெட்டி இருக்கிறது என்று எனக்கு ஓரளவு தெரியும். நண்பர்கள் வீடுகளில் நானே பார்த்திருக்கிறேன். பெட்டியைத் திறக்கும்போது தந்தி அறுந்திருக்கும். அது சில பவுண்டு விஷயம். வில்லின் முடி உதிர்ந்திருந்தால் மாற்றிக் கட்டித் தருவார்கள். கோடுகளைப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வாருங்கள். இரண்டாம் வயலினின் கடைசி வரிசையில், எங்கள் தாங்கிக்குப் பின்னால், இந்தப் பருவம் இரண்டு நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. பென்சில் என் கூட்டாளி தருவார்.